நாலு மணி வகுப்பு

மூன்றே முக்காலுக்கு மழை விட்டது. ஜோதிமணி ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். தூறல்கூட இல்லை. ஆனால் எதிரே பேரிக்காய்த் தோட்டத்தின்மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. அது நகர்ந்தால்தான் சிக்னல் நிலையாகக் கிடைக்கும். பழைய மேஜை விளக்கின் தண்டை வளைத்து அண்ணன் செய்துகொடுத்த ஸ்டாண்டில், கீழ் நோக்கிப் பார்க்கும்படி போனை மாட்டினாள். திரையில் நீல விரிப்பும் அதன்மேல் அவளுடைய இரண்டு கைகளும் தெரிந்தன. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் தெரியாது. நான்கு மணிக்கு ஒவ்வொரு கட்டமாகத் திறந்தது. திருப்பூர், நாகர்கோவில், பெங்களூர், ஷார்ஜா. பதினோரு கட்டங்கள். அதில் ஒன்றின் அடியில் மட்டும் ஆள் பெயருக்குப் பதிலாக 'பி.கே. தேங்காய் மண்டி' என்று இருந்தது.

"தேங்காய் மண்டிக்கு எதுக்குங்க ஸ்வெட்டர்?" என்று திருப்பூர் வேலுத்தாய் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது எங்கப்பா போன்க்கா. என் பேரு தாரணி" என்றது அந்தக் கட்டத்திலிருந்து ஒரு பெண் குரல். அங்கேயும் இரண்டு கைகள்தான் தெரிந்தன. கட்டிலில் விரித்த பச்சைக்கரைப் போர்வை, அதன்மேல் புத்தம்புதிய ஊசிகளைப் பிடித்திருக்கும் மெலிந்த கைகள். படத்தின் ஓரத்தில், போனைப் பிடித்திருக்கும் வேறொருவரின் கட்டைவிரல் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. அகலமான விரல். நகத்தின் நடுவே கறுத்துப்போன ஒரு பிளவு.

ஜோதிமணிக்கு நாற்பத்து நான்கு வயது. பதினான்கு வருடம் கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு ஸ்வெட்டர் கடையில் விற்பனைக்கு நின்றவள். வடக்கேயிருந்து மூட்டையாக வரும் ஸ்வெட்டர்களை உதறி, சுற்றுலா வந்தவர்களின் தோள்மேல் வைத்துக் காட்டுவது அவள் வேலை. அவர்கள் கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள். பின்னால் நிற்பவளைப் பார்க்க யாருக்கும் அவசியம் இருந்ததில்லை. கூட்டமில்லாத மதியங்களில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னுவாள். ஊரடங்கில் கடை மூடியபோது, அப்படி அவள் பின்னுவதைப் பார்த்திருந்த சென்னை அம்மா ஒருவர் போன் பண்ணி, வீடியோவில் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். அவர் தன் தங்கையைச் சேர்த்தார், தங்கை தன் அலுவலகத் தோழிகளைச் சேர்த்தாள். கடை மறுபடி திறந்தபோது ஜோதிமணி திரும்பப் போகவில்லை. இப்போது வாரத்தில் மூன்று குழுக்கள். உல்லன் நூலும் ஊசியும் பெட்டியில் போட்டு அவளே அனுப்பிவைப்பாள். பெருமாள்மலையில் அண்ணன் வீட்டு மாடியறைதான் வகுப்பு. ஆரம்பத்தில் சிலர், "உங்க முகத்தக் காட்டுங்க டீச்சர்" என்று கேட்டார்கள். "முகமா பின்னுது?" என்று சொல்லிச் சமாளித்தாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பழகிவிட்டது, பிடித்தும் போனது.

தாரணிக்கு இருபது வயது. வத்தலக்குண்டு ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, அய்யம்பாளையத்தில் வீட்டில் படுத்திருந்தாள். நர்சிங் படிப்பு இரண்டாம் வருடத்தில் நின்றுபோயிருந்தது. ஆறு மாதம் எழுந்திருக்கக்கூடாது. போனைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்த ஒரு நாளில் ஜோதிமணியின் வீடியோ ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. இதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. போனைப் பிடித்திருப்பவர் மட்டும் பேசவே இல்லை. கை வலித்தால் மாற்றிப் பிடிப்பார். அப்போது ஒரு கணம் படம் ஆடி, மின்விசிறியும் ஒரு காலண்டரும் வந்துபோகும்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மண்டி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"டீச்சருங்களா? தாரணி அப்பா பேசுறேன், பழனிக்குமார். சோலியா இருக்கீங்களா?"

"இல்லங்க, சொல்லுங்க."

"பிள்ளை மாத்திரை போட்டுத் தூங்குது. நேத்து பின்னினதுல ஒரு கண்ணி நழுவி, ஏணி மாதிரி கீழ வரைக்கும் ஓட்டை விழுந்துருச்சுங்க. எந்திருச்சுப் பாத்தா அழுகும். ரெண்டு நாளா எதுக்கெடுத்தாலும் அழுகுது. அது எந்திரிக்கிறதுக்குள்ள நான் சரி பண்ணிரணும்."

"நீங்களா?"

"தேங்காய் உரிக்கிற கைதான். சொன்னா செய்வேங்க."

வீடியோவைப் போடச் சொன்னாள். அவர் போனை எதிலோ சாய்த்து வைத்தார். முதலில் ஓட்டுக்கூரை தெரிந்தது, பிறகு சரிந்து இரண்டு பெரிய கைகள். ரோஜா நிற நூல் அந்த விரல்களுக்கு நடுவில் பாவமாகக் கிடந்தது. பெட்டியில் இருக்கும் கொக்கி ஊசியை எடுக்கச் சொன்னாள். நழுவிய கண்ணிக்குள் கொக்கியை முன்பக்கமாக விட்டு, அதற்கு மேலே குறுக்கே நிற்கும் இழையைப் பிடித்து, கண்ணி வழியாக இழுக்கச் சொன்னாள். முதல் முறை மறுபடி நழுவியது. இரண்டாவது முறையும். "வெரசா இழுக்காதீங்க. அது எங்கேயும் ஓடாது" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு படி ஏறியது. அடுத்த படி. பதினாறு வரிசை ஏறி ஊசியில் மறுபடி மாட்டிய பிறகு, எங்கே ஓட்டை இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அட" என்றார் அவர். பிறகு, சத்தம் கேட்டு மகள் விழித்துவிடக்கூடாதே என்பதுபோலத் தொண்டைக்குள்ளேயே சிரித்தார்.

அதற்கடுத்த வாரம் நூலின் கணக்கில் ஒரு சந்தேகம். பிறகு, ஊசியின் முனை மழுங்கியிருக்கிறது, கல்லில் தேய்க்கலாமா என்று ஒரு சந்தேகம். அதற்கும் பிறகு சந்தேகம் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டை ஒட்டியே மண்டி. காலை லோடு ஏற்றி அனுப்பிவிட்டுப் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். வீடியோ இல்லை, வெறும் குரல்தான்.

"மேக்க பாத்தா உங்க மலை தெரியுதுங்க. காலைல நீலமா இருந்துச்சு. இப்ப மேகம் முழுசா மூடிருக்கு. அப்ப உங்களுக்கு டவர் கெடைக்காதேன்னு நெனச்சுக்கிட்டே கூப்பிட்டேன், கெடைச்சிருச்சு."

யாரோ ஒருவர் தினமும் நிமிர்ந்து தான் இருக்கும் திசையைப் பார்க்கிறார் என்பது ஜோதிமணிக்குப் புதிதாக இருந்தது. அன்று சாயங்காலம் பால் வாங்கப் போனவள் மலைச்சாலையின் வளைவில் நின்று கீழே பார்த்தாள். சமவெளியில் தண்ணீர்ப் பரப்பு ஒன்று தகடுபோல மின்னியது. மறுநாள் பதினொரு மணிக்குச் சொன்னாள்: "நேத்து உங்க ஊர் அணையப் பாத்தேன். வெயில்ல பளபளன்னு கெடக்கு."

"எந்தப் பக்கமாங்க?"

சொன்னாள்.

"அது மஞ்சளாறு அணைங்க. எங்க மருதாநதி அணை மலைக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து தெரியாது." பிறகு, "பரவால்ல, தண்ணி ஒரே தண்ணிதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மனைவியைப் பற்றி அவராகத்தான் சொன்னார். பெயர் அன்னக்கொடி. மஞ்சள்காமாலை, ஒன்பதே நாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் இருந்திருந்தால் இந்த நூல், ஊசி எல்லாம் தனக்கு எதற்கு வந்திருக்கப் போகிறது என்றார். அதில் புகார் எதுவும் இல்லை. அவர் சொன்ன விதத்தில் அந்தப் பெண் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுபோல இருந்தது. ஜோதிமணிக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. இருபத்தொன்பது வயதில் ஒரு இடம் கூடிவந்து நின்றுபோனது. பிறகு அப்பா படுத்துக்கொண்டார், எட்டு வருடம். பிறகு அம்மா. அவர்களைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் அவளுக்கு இடம் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அது நின்றபிறகு அவர், "எட்டு வருசம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் கண்ணில் பட்டதெல்லாம் பதினொரு மணிக்குச் சொல்ல வேண்டியவையாக மாறின. ஜங்ஷனில் மாட்டின் கொம்பில் யாரோ பிளாஸ்டிக் கூடையை மாட்டிவிட்டுப் போனது. பூண்டு மூட்டைகளின்மேல் படுத்துத் தூங்கிய போலீஸ்காரர். ஞாயிற்றுக்கிழமை மண்டி விடுமுறை, மகளோடு வீட்டிலேயே இருப்பார், கூப்பிட மாட்டார். அந்த ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது. திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து, மாடியறையை இரண்டு தடவை பெருக்குவாள். கைகளுக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள். வகுப்பில் ஊசியை எடுக்கும்போது அந்தக் கைகளை அவளே எட்ட நின்று பார்த்தாள். மோசமில்லை என்று தோன்றியது. இத்தனை வருடம் கூடவே இருந்த கைகளைப் பற்றி இப்போதுதான் ஒரு அபிப்பிராயம் வந்தது.

அவரும் பின்னக் கற்றுக்கொண்டிருந்தார். மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வரிசை, இருபது வரிசை. ஆட்கள் கிண்டல் செய்கிறார்களாம். "செல்வமுருகன்னு ஒரு டிரைவர் இருக்கான். முதலாளி, எனக்கும் ஒரு குல்லா போட்டுக் குடுங்கன்னு கேக்குறான். அவன் மண்டைக்கு எத்தனை கண்ணி ஏத்தணும்?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கீழே மதினி சிவபாக்கியம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கேட்கலாம், ஒரு விரல் அழுத்தினால் தெரிந்துவிடும். அவர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அய்யம்பாளையத்துக்கு இன்னொன்று. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். பஸ் நேரத்தை விசாரித்துவைக்கக்கூட அவள் துணியவில்லை.

தாரணி தேறிக்கொண்டு வந்தாள். முதலில் சாய்ந்து உட்கார்ந்தாள், பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடந்தாள். போனைப் பிடிக்க இப்போது ஆள் தேவையில்லை, ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துக்கொண்டாள். ரோஜா நிறச் சால்வை முக்கால்வாசி முடிந்திருந்தது. மற்ற யாரையும்விட ஒழுங்கான கை அவளுக்கு. ஆனால் வகுப்பில் பேசுவது குறைந்துகொண்டே போனது. கேட்டால், "புரியுது டீச்சர்" என்பாள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஓரத்தைக் குறுக்கிக் கொண்டுவருவது எப்படி என்று ஜோதிமணி காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக எடுக்க வேண்டும். திரையின் அடியில் செய்தி ஒன்று வந்து நின்றது. யாருக்காவது சந்தேகமாக இருக்கும் என்று குனிந்து பார்த்தாள்.

'எங்கப்பா உங்ககிட்ட தினமும் என்ன பேசுறார் டீச்சர்?'

தாரணியின் செய்தி. அனுப்பப்பட்டது எல்லோருக்கும்.

பதினோரு கட்டங்களிலும் கைகள் நின்றன. ஜோதிமணியின் கைகளும் நின்றன. எல்லோரும் இப்போது அந்த இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தை மறைத்துக்கொள்வதுபோல அவற்றை எங்கேயாவது மறைக்க முடியாதா என்றிருந்தது. மறைத்தால் வெறும் நீல விரிப்பு மட்டும் தெரியும், அது இன்னும் மோசம். நூல் விரலில் சுற்றியபடியே இருந்தது.

"டீச்சர், ரெண்டு சேத்து எடுத்தப்புறம் ஊசியத் திருப்பணுமா, வேணாமா?" என்றாள் வேலுத்தாய், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

"திருப்பணும்" என்றாள் ஜோதிமணி. "வரிசை முடிஞ்சதும் திருப்பணும்."

எப்படியோ ஐந்து மணி வரைக்கும் கொண்டுபோனாள். தாரணியின் கட்டம் எப்போது மூடியது என்று கவனிக்கவில்லை.

தப்பாக விரல் பட்டு எல்லோருக்கும் போயிருக்கும் என்று ஒருத்தி குழுவில் எழுதினாள். இன்னொருத்தி சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டு அழித்தாள். அடுத்த வாரம் நான்கு பேர் வரவில்லை. அவர்களில் நாகர்கோவில்காரியின் நாத்தனார் கொடைக்கானலில் பள்ளிக்கூட ஊழியர். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் மலையேறி வீட்டுக்கு வந்துவிட்டது.

"யாரு அந்த ஆளு?" என்று கேட்டாள் சிவபாக்கியம். அதட்டவில்லை. அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒரு பிள்ளையோட அப்பா மதினி."

"அது தெரியும்."

அண்ணன் சுப்புராஜ் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர், "எந்த ஊரு? என்ன ஆளுக?" என்றார்.

"நீங்க ஜீப்பை எடுங்க, நேரமாச்சு" என்றாள் மதினி அவரிடம். அவர் போனபிறகு ஜோதிமணியின் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று ஜோதிமணிக்கு இருந்தது. கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும், சொல்லும்போது தனக்கும் தெரிந்திருக்கும்.

நான்கு நாள் பதினொரு மணிக்குப் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது நாள் எடுத்தாள்.

"டீச்சர், பிள்ளை தெரியாம…"

"பிள்ளையக் கவனிங்க. அதுக்கு அம்மா போயி ரெண்டு வருசந்தான ஆகுது."

"ஆமாங்க."

"இனிமே கூப்பிடாதீங்க."

"சரிங்க" என்றார். ஆனால் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. மண்டியில் யாரோ எண்ணிக்கொண்டே தேங்காயை வண்டிக்குள் எறிவது கேட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, டொக், டொக் என்று. அறுபதுக்கு மேல் எண்ணிவிட்டார்கள். பிறகு இணைப்பு தானாகவே அறுந்தது.

அவர் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் என்று அவள் முதலிலேயே நினைத்திருந்தாள், இப்போது அதற்காகவே அவர்மேல் கோபம் வந்தது. அக்டோபரில் மலைச்சாலையில் பாறை சரிந்து ஒன்றரை நாள் பஸ் இல்லை. நவம்பரில் வெயிலே இல்லை. பதினொரு மணி மட்டும் தவறாமல் வந்தது. அந்த நேரத்தில் மாடியில் இருக்க முடியாமல் கீழே வந்து மதினிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போயின. பாறை சரிந்த இடத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி வேனிலிருந்து இறங்கி, மாப்பிள்ளை தன் பெட்டியைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மதினியிடம் சொல்லப் பார்த்தாள். பாதியில் அது வேறு யாருக்கோ உரிய கதையாகத் தோன்றி நிறுத்திக்கொண்டாள். குழுவில் புதியவர்கள் சேர்ந்தார்கள். ஷார்ஜாவிலிருந்து இரண்டு பேர். வகுப்பு நின்றுபோகவில்லை, அவள் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. அதுவும் ஒரு வகையில் வருத்தமாகத்தான் இருந்தது. எதையோ இழந்ததற்கு வெளியே ஒரு அடையாளமும் இல்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஒரு கட்டம் திறந்தது. அடியில் 'தாரணி' என்று இருந்தது. பின்னால் இரும்புக்கட்டிலும் கொடியில் வெள்ளைச் சீருடையும் தெரிந்தன. மதுரையில் கல்லூரி விடுதி. ஜோதிமணி, "வா தாரணி. எங்க விட்ட?" என்று மட்டும் சொன்னாள். ஐந்து மணிக்கு எல்லோரும் போனபிறகும் அந்தக் கட்டம் மட்டும் மூடாமல் நின்றது. அங்கேயும் இங்கேயும் கைகள்.

"டீச்சர், அன்னைக்கு நான் தப்பா அனுப்பல. வேணும்னேதான் எல்லாருக்கும் அனுப்புனேன்."

ஜோதிமணி நூலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நான் கட்டில்ல கெடந்தேன்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் மண்டியில அப்பா சிரிக்கிற சத்தம் கேக்கும். அம்மா போனதுக்கப்புறம் அப்பா சிரிச்சு நான் கேட்டதே இல்ல. மொத நாளு எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. தெரியாத மாதிரி கண்ண மூடிப் படுத்துக்கிட்டேன். அப்புறம் தெனமும் கேட்டுச்சு. என் ரூமுக்குள்ள வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. மாத்திரை போட்டியாம்மான்னு கேப்பாரு." நூல் உருண்டையைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "அம்மா போட்டோவுல பூ காஞ்சு கெடந்துச்சு. அதுவரைக்கும் ஒரு நாளும் அப்பா மறந்ததில்ல."

"நீ கேட்டது ஒண்ணும் தப்பில்ல தாரணி."

"தப்புதான். உங்க கையப் பாத்துக்கிட்டே இருந்தேன் அன்னைக்கு. அப்பவே தெரிஞ்சிருச்சு தப்புன்னு." மூக்கை உறிஞ்சினாள். "நான் இங்க வந்துட்டேன். அப்பா தனியாத்தான் இருக்காரு. சாப்பிட்டீங்களான்னா சாப்பிட்டேம்பாரு. வேற பேச்சே இல்ல. வர்ற வியாழக்கிழமை கொடைக்கானலுக்குத் தேங்காய் லோடு வருது. எப்பவும் செல்வமுருகண்ணன்தான் தனியா வரும். இந்தத் தடவ அப்பாவும் கூட வர்றாராம். எதுக்குன்னு அவரு சொல்லல, நானும் கேக்கல. உங்ககிட்ட சொல்லச் சொல்லியும் அவரு சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

"நான் போகணும்ங்கிறியா?"

"எனக்குத் தெரியல டீச்சர். நீங்க போனா எனக்கு அழுகை வரும். போகலைன்னாலும் வரும்." பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வரிசை எண்ணிக்கைய மறந்துட்டேன், மொதல்ல இருந்து எண்ணணும்" என்று சொல்லிவிட்டு மூடினாள்.

புதன்கிழமை மதியம் ஜோதிமணி அந்த எண்ணுக்கு ஒரு செய்தி எழுதினாள். எழுதி அழித்து எழுதி, கடைசியில் ஒரே வரியாக நின்றது: 'நாளைக் காலையில் பெருமாள்மலை ஜங்ஷனில் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்.' அனுப்பிவிட்டுப் போனை நூல் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அது உள்ளே ஒருதரம் அதிர்ந்தது. 'சரிங்க' என்று வந்திருந்தது.

மறுநாள் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கட்டிக்கொண்டு கீழே வந்தாள். சிவபாக்கியம் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"மதினி, நான் ஒருத்தரப் பாக்கப் போறேன்."

"ஸ்வெட்டர் போட்டுக்க. பனி கொட்டுது."

"சேலை தெரியாதே" என்று சொல்லிவிட்டு ஜோதிமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதினி சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய சந்தன நிறச் சால்வையை எடுத்து வந்து அவள் தோளில் போட்டு, முன்பக்கம் சேலை தெரியும்படி ஒதுக்கிவிட்டாள். "அண்ணனுக்கு நான் சொல்லிக்கிறேன். மெதுவா வா" என்றாள்.

ஜங்ஷனில் மேகம் சாலையின் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. கீழிருந்து வரும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு, முதலில் சத்தமாகவும் பிறகு மஞ்சளாகவும் பிறகுதான் வண்டியாகவும் வந்தன. டீக்கடையில் கண்ணாடி டம்ளர்களை அலசிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தத்தில் அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி விடுதிச் சமையலுக்குப் போகிறவள், கையில் டிபன் பை. இன்னொருத்தி கேரட் மூட்டைமேல் கால் வைத்து நின்றாள், ஜோதிமணி வயதுதான் இருக்கும். பேசிக்கொள்ளவில்லை. ஏழரைக்குச் சொகுசு பஸ் ஒன்று போனது, பிறகு சிலிண்டர் வண்டி, பிறகு இரண்டு வேன். ஒவ்வொரு முறையும் அவள் சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். வீட்டுக்குத் திரும்ப நூறடிதான். திரும்பினால் அவர் இங்கே இறங்கி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சரிங்க என்று சொல்வதுபோலப் போய்விடுவார். பிறகு எப்போதும் கூப்பிட மாட்டார்.

எட்டு மணி சுமாருக்குப் பச்சைத் தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று வளைவில் முனகிக்கொண்டு ஏறி, டீக்கடையைத் தாண்டி ஓரங்கட்டி நின்றது. ஓட்டியவன் இறங்காமல் இன்ஜினை மட்டும் அணைத்தான். இடப்பக்கக் கதவு திறந்தது. வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்ட ஒருவர் படியில் காலை வைத்து நிதானமாக இறங்கினார். அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். முன்நெற்றியில் முடி நரைத்திருந்தது. குளிருக்குப் பழகாதவர், இறங்கியதும் தோளைக் குறுக்கிக்கொண்டார். சாலையைக் கடப்பதற்காக இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போனபிறகும் அவர் கடக்கவில்லை. அந்தப் பக்கமே நின்று நிறுத்தத்தைப் பார்த்தார்.

மூன்று பெண்கள் நிற்கிறார்கள். அவர் முதலில் டிபன் பைக்காரியைப் பார்த்தார். அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேரட் மூட்டைக்காரியிடம் அவர் பார்வை வந்தது, அங்கே சற்று அதிக நேரம் நின்றது. ஏதோ சொல்லப்போவதுபோல வாய் திறந்து மூடியது. ஜோதிமணி அசையவில்லை. அவரை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க இன்னும் ஒரு கணம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார். பள்ளத்திலிருந்து மேகம் ஒரு துண்டாக எழும்பி, சாலையைக் குறுக்கே கடந்து அவர்கள் நடுவே வந்தது. லாரி மறைந்தது, அவர் மறைந்தார், பச்சைத் தார்ப்பாயின் ஓரம் மட்டும் நின்றது. அது விலகும்போது அவர் ஒரு காலைச் சாலையில் எடுத்து வைத்திருந்தார். முகம் அவளை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.